ஸ்னோவா, உறைமழையா? புயல் வரும்போது எதைப் பார்க்க வேண்டும்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனடாவுக்கு வந்து இது அவருக்கு இரண்டாவது குளிர்காலம். வீடு ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் (Markham) நகரில், இரவு வேலை பிராம்ப்டன் நகரில். புயலுக்கு நான்கு நாளுக்கு முன் தொலைபேசியில் 25 சென்ரிமீற்றர் ஸ்னோ என்று காட்டியதாம். இரண்டு நாளில் அது 10 ஆனது. முதல்நாள், உறைமழையும் கலந்து வரலாம் என்றார்கள். கடைசியில் கண்ணாடிபோல ஒரு படலம் காரை மூடியிருந்தது. "இவ்வளவு செயற்கைக்கோளும் கணினியும் இருந்தும் என்ன விழும் என்றுகூடச் சொல்ல முடியாதா? எதை நம்பி நான் வண்டியை எடுப்பது?" இதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். புயல் வருகிறது என்பதையும், அது ஏறக்குறைய எவ்வளவு நீரைக் கொண்டுவரும் என்பதையும் இன்று மூன்று நான்கு நாளுக்கு முன்பே ஓரளவு நன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நீர் எந்த உருவத்தில் தரைக்கு வரும் என்பதுதான் கடைசிவரை இழுபடும். ஏனென்றால் அது மேகத்துக்குள் தீர்மானமாவதில்லை. மேகத்துக்கும் உங்கள் வீட்டுக் கூரைக்கும் நடுவில் இருக்கிற இரண்டு மூன்று கிலோமீற்றர் காற்றில், செல்சியஸில் ஒரு பாகை கூடுவதா குறைவதா என்பதில் தீர்மானமாகிறது. இதை விளங்கிக்கொண்டால் வானிலை அறிவித்தலை வாசிக்கும் விதமே மாறிவிடும்.

சொற்களைச் சரியாக வைத்துக்கொள்வோம். பனி என்ற ஒரே சொல்லால் நாங்கள் மார்கழிக் காலைப் பனியையும் சொல்கிறோம், இமயமலையில் குவிந்து கிடப்பதையும் சொல்கிறோம். இந்த ஊருக்கு அது போதாது. இங்கே குளிர்காலத்தில் மூன்று வேறு பொருட்கள் வானத்திலிருந்து வரும். ஒன்று ஸ்னோ. இரண்டாவது, விழும்போது நீராக இருந்து தொட்ட இடத்தில் கட்டியாகிற உறைமழை. மூன்றாவது, வரும் வழியிலேயே உறைந்து சிறு மணிகளாகக் கொட்டுகிற ஐஸ் பெலற்ஸ். இதை ஐஸ் மணி என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ச் செய்திகளில் சிலநேரம் இதை ஆலங்கட்டி என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆலங்கட்டி இடிமேகத்துக்குள் பலமான காற்றால் மேலே தூக்கப்பட்டுப் படலம் படலமாகப் பெருப்பது. ஐஸ் மணி உருகிய ஸ்னோ மறுபடி உறைந்து வருவது. இரண்டின் பிறப்பும் வேறு, ஆபத்தும் வேறு.

இனி விஷயத்துக்கு வருவோம். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் விழும் மழைகூடப் பெரும்பாலும் மேலே ஸ்னோவாகத்தான் பிறக்கிறது. தரைவரை காற்று பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் ஸ்னோ அப்படியே வந்து சேரும். சிக்கல் தொடங்குவது தெற்கிலிருந்து, மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்று ஏறி வரும்போது. குளிர்காற்று பாரமானது, தரையோடு ஒட்டிக் கிடக்கும். வெப்பக்காற்றால் அதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது, அதன் முதுகில் ஏறித்தான் வரும். அப்போது எங்கள் தலைக்கு மேல் மூன்று அடுக்குகள் உண்டாகும். மேலே குளிர், நடுவில் வெப்பம், கீழே மறுபடியும் குளிர். நடு அடுக்கு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கிலோமீற்றர் உயரத்துக்குள் இருக்கும்.

அந்த நடு அடுக்கின் உச்ச வெப்பம் ஒரு பாகையைத் தாண்டவில்லை என்றால் ஸ்னோவின் ஓரம் மட்டும் நனையும். ஸ்னோவாகவே வந்துவிடும், கொஞ்சம் ஈரமாக இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று பாகைக்குள் என்றால் பாதி உருகும். நடுவில் ஒரு சிறு ஐஸ் துண்டு மிச்சமிருக்கும். இந்த மிச்சம் மிக முக்கியம், ஏனென்றால் கீழேயுள்ள குளிர் அடுக்குக்குள் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு துளி முழுவதும் உறைந்துவிடும். அதுதான் ஐஸ் மணி. மூன்று பாகையைத் தாண்டினால் ஸ்னோ முழுவதும் உருகிச் சுத்தமான நீர்த்துளியாகிவிடும்.

நீர் பூச்சியப் பாகையில் உறைந்தாக வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். உண்மையில் நீருக்கு உறைய ஒரு தொடக்கம் வேண்டும். ஒரு ஐஸ் துணுக்கோ பொருத்தமான தூசியோ இல்லாவிட்டால் மேகத்தின் நுண்துளிகள் −30 பாகைக்குக் கீழேகூட நீராகவே இருக்கும். நடு அடுக்கில் முழுவதும் உருகிய துளி கீழேயுள்ள குளிர்காற்றை ஒன்றிரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். உறைய நேரமும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. −3 பாகையில் நீராகவே வந்து உங்கள் கார்க் கண்ணாடியிலோ மேப்பிள் கிளையிலோ மின்கம்பியிலோ மோதும்போதுதான் உறைகிறது. தெருவில் நின்று பார்த்தால் சாதாரணத் தூறல்போலத்தான் தெரியும். அதனால்தான் இது ஸ்னோவைவிட மோசமானது. ஸ்னோ தன்னைக் காட்டிக்கொண்டு விழும், இது காட்டாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு புயல் 20 மில்லிமீற்றர் நீரைக் கொண்டுவருகிறது என்று வைப்போம். அது முழுவதும் ஸ்னோவாக விழுந்தால் பத்துக்கு ஒன்று என்ற பொதுக் கணக்கில் 20 சென்ரிமீற்றர். மேகம் −12 முதல் −18 பாகைக்குள் நன்றாக ஊறியிருந்தால் பூப்போல மெல்லிய ஸ்னோ வந்து 30 சென்ரிமீற்றர்கூட ஆகலாம். ஈர ஸ்னோ என்றால் 12, 14 தான். ஐஸ் மணியாக வந்தால் இன்னும் குறைவு, ஆனால் வழித்துத் தள்ளும்போது ஈரமணல்போலப் பாரமாக இருக்கும். உறைமழையாக வந்தால் உயரமென்று சொல்ல ஒன்றுமில்லை, சில மில்லிமீற்றர் ஐஸ், ஊரே நின்றுபோகும். தரையும் பூச்சியத்துக்கு மேலே போய்விட்டால் வெறும் மழை. நீரின் கணக்கு எதிலும் மாறவில்லை. உங்கள் தொலைபேசி 25 என்று காட்டிப் பிறகு 10 என்று காட்டியது புயல் பலவீனமானதால் இல்லை. நடு அடுக்கு ஒரு பாகை சூடாகும் என்று கணினி எண்ணத்தை மாற்றிக்கொண்டதால்தான். எண் குறைகிறது, ஆபத்து கூடுகிறது. புதிதாக வந்தவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஸ்னோ அளவு திடீரென்று பாதியானால் சந்தோஷப்படாதீர்கள், ஏன் குறைந்தது என்று பாருங்கள்.

அந்த ஒரு பாகையை எது தீர்மானிக்கிறது? புயலின் பாதை. ஆல்பேர்ட்டாவிலிருந்து இறங்கி வரும் புயல்கள் வேகமானவை, வறண்டவை, பெரும்பாலும் மெல்லிய ஸ்னோவோடு போய்விடும். எங்களைப் பாடாய்ப்படுத்துவது கொலராடோவிலிருந்தும் ரெக்சாசிலிருந்தும் வருபவை. அந்தப் புயலின் மையம் டிட்ராய்ட், ஹூரன் ஏரி வழியாக எங்களுக்கு மேற்கே போனால் நாங்கள் வெப்பப் பக்கத்தில் அகப்படுவோம், மழை பெய்யும். ஒஹாயோ, பென்சில்வேனியா வழியாகத் தெற்கே போனால் நல்ல ஸ்னோ. இரண்டுக்கும் நடுவில் போனால்தான் இந்தக் கலவை. நூறு கிலோமீற்றர் தள்ளிப் போனால் முடிவு வேறு. நான்கு நாளுக்கு முன் அந்தப் புயல் பசிபிக் கடலுக்கு மேல் ஒரு சுழிப்பாக மட்டும் இருக்கும். அங்கே பலூன் ஏற்றி அளக்க ஆளில்லை, செயற்கைக்கோளை நம்பித்தான் கணக்குப் போடுகிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்குள் பாதையைக் குறிப்பது எத்தனை பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். அதில் அவர்கள் இவ்வளவு நெருங்கி வருவதே எனக்கு இன்னும் வியப்புத்தான்.

பாதைக்கு அடுத்தது, குளிர்காற்று எங்கிருந்து வருகிறது என்பது. உறைமழை நீண்டநேரம் பெய்ய வேண்டுமென்றால் வடக்கில், கியூபெக் பக்கம், ஒரு பெரிய உயர் காற்றழுத்தப் பகுதி உட்கார்ந்திருக்க வேண்டும். அது வறண்ட குளிர்காற்றை வடகிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். இது ஏன் தேவை என்றால், நீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது, ஒரு கிராமுக்கு 80 கலோரி. அதாவது உறைமழை பெய்யப் பெய்யத் தன்னைச் சுற்றியுள்ளதைத் தானே சூடாக்குகிறது. புதுக் குளிர்காற்று வரத்து இல்லாவிட்டால் சில மணித்தியாலத்தில் தரை பூச்சியத்தைத் தொட்டு, உறைமழை சாதாரண மழையாகிவிடும். பெரும்பாலான புயல்களில் இதுதான் நடக்கிறது, காலையில் வழுக்கும், மதியம் ஒழுகும். வடகிழக்குக் காற்று நிற்காதபோதுதான் பேரழிவு.

1998 ஜனவரி அதற்குப் பெரிய சாட்சி. ஒட்டாவா, சென் லோறன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் குளிர்காற்று தேங்கி நின்றது. மேலே தெற்குக் காற்று நாள்கணக்கில் ஈரத்தைக் கொட்டியது. ஒரே புயலாக வந்து போகாமல் அலை அலையாக வந்ததால் சில இடங்களில் உறைமழையும் உறைதூறலும் சேர்ந்து 80 மணித்தியாலத்துக்கு மேல். ஒட்டாவாவில் 85 மில்லிமீற்றர், மொன்றியலில் ஏறக்குறைய 100, கோர்ன்வாலில் 108. உயர் அழுத்த மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்தன. நாற்பது லட்சம் பேருக்குமேல் மின்சாரம் இழந்தார்கள், சிலர் வாரக்கணக்கில். ஏறக்குறைய 16,000 படையினரை இறக்க வேண்டியிருந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு நினைவிருப்பது 2013 டிசம்பர். 21ஆம் தேதி இரவு முழுக்கப் பெய்தது. ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, நத்தார் கழிந்தும் பலருக்கு வரவில்லை. நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியில் இருந்தேன். அந்த இரவில் தூங்கவில்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை துப்பாக்கி வெடித்ததுபோலக் கிளை முறியும் சத்தம், அதற்குப் பின்னால் கண்ணாடி கொட்டுவதுபோல ஒரு சிலிர்ப்பு. ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் அன்று படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்து வீட்டு அம்மா பாயை எடுத்துக்கொண்டு யன்னல் இல்லாத நடைபாதைக்கு வந்துவிட்டார். காலையில் பார்த்தால் தெருவெல்லாம் அழகாக மின்னியது. நான் வானிலை வரைபடங்களை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இடத்துக்கு இடம் எவ்வளவு மாறும் என்பதற்கு 2025 மார்ச் கடைசி ஒரு நல்ல பாடம். ஒரில்லியா, பாரி, பீற்றர்பரோ பக்கமெல்லாம் உறைமழையால் காடே முறிந்தது, ஒரில்லியா நகரம் அவசரநிலை அறிவித்தது. அதேநேரம் ரொறன்ரோ நகரின் தெற்கில் பெரும்பாலும் மழை. ஒரே புயல்தான், தரையில் வெப்பம் பூச்சியமாகும் கோடு நடுவில் ஓடியது.

எங்கள் பக்கத்தில் அந்தக் கோட்டை வளைப்பவை இரண்டு: ஏரியும் உயரமும். ஒன்ராறியோ ஏரி ஆழமானது, முழுவதும் உறைவது மிக அரிது. டிசம்பரில் அதன் நீர் பூச்சியத்துக்குச் சில பாகை மேலேதான் இருக்கும். காற்று நேர்கிழக்கிலிருந்து ஏரியின் மேலாக வந்தால் கரையோரத்தில் வெறும் மழை பெய்யும். 401 நெடுஞ்சாலையைத் தாண்டி வடக்கே போனால் அதே நேரத்தில் ஐஸ். உயரத்தைப் பார்த்தால், ஏரிமட்டம் கடலிலிருந்து 75 மீற்றர் அளவில், பியர்சன் விமான நிலையம் 170 மீற்றருக்கு மேலே, கலிடன் மேடுகள் 400ஐத் தொடும். ஆகவே தம்பி, உங்கள் வீட்டு வாசல் வெறும் ஈரமாக இருப்பதை வைத்து பிராம்ப்டன் எப்படி இருக்கும் என்று முடிவெடுக்காதீர்கள். போகிற வழியில் ஏரியின் தூரமும் மேட்டின் உயரமும் மாறும்.

சரி, வானிலையாளர்கள் அந்த நடு அடுக்கை எப்படிப் பார்க்கிறார்கள்? முதலாவது பலூன். உலகம் முழுக்க ஒரே நேரத்தில், எங்கள் குளிர்கால நேரப்படி காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் கணக்காகப் பலூன் ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் அளக்கிறார்கள். எங்களுக்கு உதவுவது பஃபலோவிலும் டிட்ராய்டுக்குப் பக்கத்திலும் ஏற்றுபவை. இரண்டு பலூனுக்கு நடுவில் 12 மணித்தியாலம், அதற்குள் வெப்ப அடுக்கு வந்தே சேர்ந்துவிடலாம். அந்த இடைவெளியை நிரப்புவது பயணிகள் விமானங்கள். பியர்சனில் ஏறி இறங்கும் பல விமானங்கள் வழியிலுள்ள வெப்பத்தை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. புயல் நேரத்தில் விமானங்கள் குறையும்போது இந்தத் தகவலும் குறைவது ஒரு கொடுமை.

அடுத்தது ராடார். ரொறன்ரோவுக்கு வடக்கே கிங் சிற்றியிலுள்ள ராடார் விழும் பொருளின் உருவத்தையும் கண்டுபிடிக்கும். உருகும் அடுக்கு அதில் ஒரு வளையம்போலத் தெரியும். அந்த வளையம் தென்மேற்கிலிருந்து விரிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே, ஸ்னோ எப்போது மாறப்போகிறது என்று ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு முன்னால் சொல்லலாம். ஆனால் பூமி வளைந்திருப்பதால், 100 கிலோமீற்றர் தள்ளிப்போனால் ராடார்க் கதிர் தரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேலே போய்விடும். உறைமழைக்குக் காரணமான தரையோரக் குளிர் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைத் தரையிலுள்ள மனிதரும் கருவியும்தான் சொல்ல வேண்டும்.

வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகளுக்கும் இதே இடத்தில்தான் கண் மங்குகிறது. உலகம் முழுவதையும் கணக்கிடும் மாதிரிகள் தரையோடு கிடக்கும் இருநூறு மீற்றர்க் குளிரைக் கரைத்துவிடப் பார்க்கும், "மழை" என்று சொல்லிவிடும். கனேடியச் சுற்றுச்சூழல் திணைக்களத்தின் 2.5 கிலோமீற்றர் மாதிரி இதை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது இரண்டு நாளுக்குத்தான் பார்க்கும். நடு அடுக்கு எவ்வளவு உருக்கும், கீழ் அடுக்கு எவ்வளவு உறைய வைக்கும் என்று இரண்டையும் எடைபோட்டு என்ன விழும் என்று சொல்லும் முறை ஒன்றை பியேர் பூர்குவான் என்ற கனேடிய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் இங்கே அந்த வழியில்தான் யோசிக்கிறார்கள். முறை நல்லது, ஆனால் உள்ளே போடும் வெப்பம் ஒரு பாகை பிழைத்தால் வெளியே வருவது வேறு பொருள். 2018 ஏப்ரல் நடுவில் ரொறன்ரோவில் ஐஸ் மணி நாள்கணக்கில் கொட்டிக் குவிந்தது ஞாபகம் இருக்கலாம். பிறகு சி.என். கோபுரத்திலிருந்து விழுந்த ஐஸ் பக்கத்து விளையாட்டரங்கின் கூரையைத் துளைத்து, பேஸ்போல் ஆட்டமே தள்ளிப்போனது. அத்தனையும் உறைமழையாக வந்திருந்தால் மரங்களும் மின்கம்பிகளும் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

இன்னொரு பொறி இருக்கிறது. வெளியே +2 பாகை என்று பார்த்து, "சரி, உறையாது" என்று நினைப்பார்கள். காற்று வறண்டிருந்தால் முதல் துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும், மண்பானையில் தண்ணீர் குளிர்வது மாதிரி. +2 பாகையும், பனிநிலை −6ம் என்றால் மழை தொடங்கிய சிறிது நேரத்தில் வெப்பம் −1 பக்கம் இறங்கிவிடும். பனிநிலை என்று நான் சொல்வது ட்யூ பொயின்ற், காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. வெப்பத்துக்குப் பக்கத்திலேயே அதையும் போடுவார்கள், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நடைமுறையில் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். நான்கு ஐந்து நாளுக்கு முன் எந்த எண்ணையும் நம்பமாட்டேன். "புயல் வருகிறது, அந்த வார இறுதியில் தூரப் பயணம் வைக்காதே" என்பது மட்டும் எடுத்துக்கொள்வேன். ஐரோப்பிய வானிலை மையம் ஒரே புயலை ஐம்பது தடவைக்குமேல் சிறு மாற்றங்களோடு ஓட்டிப் பார்க்கிறது. அந்த ஓட்டங்கள் சிதறிக் கிடக்கின்றனவா, ஒன்றுகூடுகின்றனவா என்பதுதான் அப்போது தேவையான செய்தி. இரண்டு நாளுக்குள் வந்ததும் திணைக்களத்தின் எச்சரிக்கையை முழுவதும் வாசிப்பேன், தொலைபேசியின் படத்தை மட்டும் பார்க்கமாட்டேன். அந்தப் படம் பெரும்பாலும் கணினி தானாகப் போடும் ஒரு எண். எச்சரிக்கையை ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். "5 முதல் 15 சென்ரிமீற்றர், பின்னர் உறைமழையாக மாறும், மேட்டுப் பகுதிகளில் நீடிக்கலாம்" என்று அகலமாக எழுதியிருந்தால் அவர் மழுப்பவில்லை, உள்ளதைச் சொல்கிறார். ஸ்னோ எச்சரிக்கை வர நிறையச் சென்ரிமீற்றர் விழ வேண்டும். உறைமழைக்கு அப்படிப் பெரிய அளவு தேவையில்லை, அது கொஞ்சமே போதும்.

மில்லிமீற்றர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விழுவது முழுவதும் ஒட்டாது, ஒரு பங்கு வழிந்து ஓடும். ஒட்டியது இரண்டு மில்லிமீற்றர் என்றாலும் படிக்கட்டும் பாலமும் போதுமான ஆபத்து. ஆறு மில்லிமீற்றரில் சிறு கிளைகள் முறியத் தொடங்கும். பன்னிரண்டைத் தாண்டினால் மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், காற்றும் சேர்ந்தால் நிச்சயம். அப்படியான இரவுக்கு முன் தொலைபேசியை நிரப்பி வையுங்கள், காரை மரத்துக்குக் கீழே விடாதீர்கள். மின்சாரம் போனால் கரி அடுப்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ எரிக்கவே வேண்டாம். 2013இல் குளிர் தாங்காமல் அப்படிச் செய்து நச்சுவாயுவால் மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். மணமில்லாத வாயு அது, தூக்கத்திலேயே கொல்லும்.

வேலைக்கு வெளிக்கிடும் நேரம் வந்ததும் மூன்றைப் பாருங்கள். பியர்சனில் இப்போது என்ன வெப்பம், காற்று எந்தத் திசை, ராடாரில் ஸ்னோ மழையாக மாறும் கோடு எங்கே. ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டால் அது ஐஸ் மணி, டயருக்குக் கொஞ்சமாவது பிடி இருக்கும், மெதுவாகப் போகலாம். தட்டும் சத்தம் நின்று, மழைபோலத் தெரிந்து, காரின் வைப்பரில் சிறு ஐஸ் விளிம்பு கட்டத் தொடங்கினால் மேலே நடு அடுக்கு மூன்று பாகையைத் தாண்டிவிட்டது. உப்பு வண்டி போட்ட உப்பையும் முதல் மழை கழுவிக்கொண்டு போயிருக்கும். காற்று இன்னும் வடகிழக்கிலிருந்து வீசி, வெப்பம் −1இல் நின்றால் அது சீக்கிரம் விடாது. அன்றைக்கு வேலைக்கு அழைத்து வரமுடியாது என்று சொல்லுங்கள். காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கி வெப்பம் +1ஐத் தாண்டிய பிறகும், பாலங்களுக்காக இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்து வெளிக்கிடுங்கள்.